வாடகைக் கடையில் மின்கட்டணத்தையும் கழிவையும் குறைக்க எதில் தொடங்குவது?

செந்தூல் உணவகம் (கோலாலம்பூர்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். செந்தூலில் வாழையிலைச் சாப்பாடு பரிமாறும் உணவகம் ஒன்றை நடத்தி வருகிறேன். மின்கட்டணம், எரிவாயு, குப்பை அகற்றும் லோரிக்குக் கொடுக்கும் தொகை ஆகிய மூன்றும் சேர்ந்து இப்பொழுது கடை வாடகையை எட்டிப் பிடிக்கப் பார்க்கின்றன. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்; ஏற்றாவிட்டால் சம்பளம் கொடுப்பது சிரமமாகிவிடும்.

சுற்றுச்சூழலைக் காக்கும் கடையாக மாறினால் செலவும் தானாகக் குறையும் என்று அண்மையில் ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். ஆனால் அங்கே காட்டப்பட்டவை காகித உறிஞ்சுகுழல், மூங்கில் கரண்டி, சுவரில் மாட்டும் பசுமை வாசகம் ஆகியவைதாம். காகிதக் குழல் பிளாஸ்டிக் குழலைவிட விலை கூடியது. கையால் பிசைந்து சாப்பிட வருகிறவர்களுக்கு மூங்கில் கரண்டியால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

என்னால் ஒதுக்கக்கூடிய முதலீடு பத்தாயிரம் ரிங்கிட். கடை வாடகைக் கடை; கூரை எனக்குச் சொந்தமில்லை. செலவும் குறைய வேண்டும், சூழலுக்கும் மெய்யாகவே நன்மை இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் உதவுகிற யோசனைகள் இருந்தால், அவற்றை அப்படியே வெளிப்படையாகக் குறிப்பிட்டு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


பிறை பொறியாளர் (பினாங்கு) எழுதியது:

ஐயா, பத்தாயிரத்தில் முதல் இருநூறு ரிங்கிட்டுக்குள் செருகி அளக்கும் சிறிய மின்மானிகள் இரண்டை வாங்குங்கள். எந்தப் பொருள் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று தெரியாமல் செய்யும் மாற்றம் எதுவும் ஊகமே. கடைகளில் மின்சாரத்தைக் கணக்கெடுப்பது என் தொழில். நான் கண்டவரையில் உரிமையாளர்கள் விளக்கைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிகிறது. பணம் போகும் இடமோ பெரும்பாலும் குளிர்பெட்டிகளும் குளிர்சாதனமும்தான். விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரியும். உறைபெட்டி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும், கடை மூடியிருக்கும் தீபாவளி நாளிலும் ஓடும்.

கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டிகள் உங்கள் கடையில் எத்தனை இருக்கின்றன? பான நிறுவனங்கள் இலவசமாகக் கொண்டுவந்து வைக்கும் பெட்டிகளையும் சேர்த்தே கேட்கிறேன். பெட்டிதான் இலவசம், மின்சாரம் உங்களுடையது. இரட்டைக் கதவுப் பெட்டி ஒன்று நாளுக்கு எட்டு யூனிட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். சிறு கடைகளுக்கான தாழ்மின்னழுத்தக் கட்டணத்தில் ஒரு யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 51 சென் வருகிறது. அதன் மேல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காக 1.6 விழுக்காடு கூடுகிறது. மாதம் 240 யூனிட்டுக்கு 120 ரிங்கிட்டுக்கும் மேல் ஆகும். அந்தப் பெட்டியில் விற்கும் பானத்தின் இலாபம் மாதம் 120 ரிங்கிட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு, தாண்டவில்லையென்றால் நிறுவனத்தை அழைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.77 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே ஒரே தொலைபேசி அழைப்பில் மாதம் 180 கிலோவுக்கு மேல் குறைகிறது, செலவு ஏதுமில்லாமல்.

மீதமிருக்கும் பெட்டிகளின் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு ரிங்கிட் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், அது தடையின்றி வெளியே வரும் இடத்தில் குளிர் கசிகிறது என்று பொருள். ரப்பர் மாற்றுவது மலிவான வேலை. பெட்டிக்குப் பின்னாலோ அடியிலோ உள்ள கண்டென்சர் சுருளில் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் படிந்திருந்தால் வெப்பம் வெளியேற முடியாமல் கம்ப்ரசர் ஓயாது ஓடும். உணவகச் சமையலறையில் அது மாதந்தோறும் துடைக்க வேண்டிய பகுதி.

குளிர்சாதனத்துக்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறீர்களா? அது பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆர்410ஏ வகை வாயுவின் புவி வெப்பமாக்கும் ஆற்றல் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. ஒரு கிலோ கசிந்தால், 2,700 யூனிட் மின்சாரம் செலவழித்ததற்கு ஈடான பாதிப்பு. ஓட்டையை அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போகும் பழுதுபார்ப்பவரை மாற்றுங்கள். புதிதாக வாங்கும்போது ஆர்32 வாயுவில் இயங்கும், எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர முத்திரை பெற்ற இன்வெர்ட்டர் வகையை, அதாவது கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வகையை, தேர்ந்தெடுக்கலாம். ஆர்32இன் ஆற்றல் 675 மடங்குதான். நன்றாக இயங்கும் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு வாங்க வேண்டிய அவசரம் இல்லை.

விளக்கையும் ஒதுக்கிவிடவில்லை. பழைய 36 வாட் குழல்விளக்கு, அதன் சோக்கோடு சேர்த்து 44 வாட் வரை இழுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்இடி 18 வாட் போதும். நாற்பது விளக்குகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் ஏறத்தாழ 374 யூனிட் மிச்சம், அதாவது 190 ரிங்கிட். விளக்கு விலை சில மாதங்களில் திரும்பிவிடும்.


லெபு பாசார் துணிக்கடை (பினாங்கு) எழுதியது:

பொறியாளர் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் போன்றோரின் இக்கட்டு வேறு. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் கதவை மூடி வைத்த துணிக்கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். ஐந்தடி நடைபாதையில் நடப்பவர் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே வர வேண்டும். அதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் குளிர்க்காற்று தெருவுக்குப் போகிறது. கதவை மூடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லாத ஆலோசகர் இல்லை. மூடியபின் குறையும் விற்பனைக்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை.

நான் கண்ட வழி வேறு. எங்கள் கடைவீட்டின் நடுவில் பழைய காலத்துத் திறந்த முற்றம் ஒன்று உண்டு. முன்பிருந்தவர் பொருள் அடுக்க இடம் வேண்டும் என்று அதைத் தகரத்தால் மூடியிருந்தார். வெக்கை மேலே போக வழியில்லாமல்தான் குளிர்சாதனம் இரவு பகலாக உழைத்தது. மூடியைப் பிரித்து, மழை படாதபடி உயர்த்தி, பக்கவாட்டில் காற்று போக இடைவெளி விட்டோம். முன்கூடத்தில் மின்விசிறி மட்டும் ஓடுகிறது. பட்டுச்சேலைப் பகுதியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்து அங்கே மட்டும் குளிரூட்டுகிறோம். உள்ளே வந்து உட்கார்ந்து பட்டு பார்க்கிறவர் எப்படியும் வாங்கத்தான் வந்திருக்கிறார். அவருக்குக் கதவு மூடியிருப்பது பொருட்டல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுத் தலமானதால், மரபு வட்டாரத்தில் கூரையையோ முகப்பையோ ஒப்புதல் இல்லாமல் தொட முடியாது. சூரியத் தகடு பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.


ஜாலான் ஈப்போ மளிகை மொத்த வணிகம் (கோலாலம்பூர்) எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் சற்று மாறுபட்டே பேசுகிறேன். எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது ஆண்டுக்கு 21,600 கிகாஜூலுக்கு மேல் பயன்படுத்துகிறவர்களையும் பெரிய கட்டடங்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. மின்சாரமாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு அறுபது இலட்சம் யூனிட். நம்மில் யார் அந்த அளவுக்கு இருக்கிறோம்? அரசாங்கமே பெரியவர்களைத்தான் பார்க்கிறது என்றால், அரிசி மூட்டையும் பருப்பும் விற்கும் நாம் ஏன் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும்? வாடிக்கையாளர் பத்து சென் மலிவாகக் கிடைக்குமா என்று பார்ப்பாரே தவிர, கரியமில வாயுவைப் பற்றிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.


பாயான் லெப்பாஸ் பொட்டலத் தொழில் (பினாங்கு) எழுதியது:

மளிகை ஐயாவின் வாடிக்கையாளர் கேட்காமல் இருக்கலாம். எங்கள் வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கிவிட்டார். 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு அட்டைப் பெட்டியும் நுரைத் தடுப்பும் செய்து கொடுக்கிறோம். அவர்கள் பொருளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் கரியமில வாயு உமிழ்வுக் கணக்கைக் கேட்க, அவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். படிவத்தை நிரப்பாதவரை ஒரே நாளில் நீக்கிவிடுவதில்லை, அடுத்த விலைப்புள்ளிக்கு அழைக்க மறந்துவிடுவார்கள். தொடங்க விரும்புகிறவர்கள் கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா என்ற அமைப்பு, இப்படிப்பட்ட விவரங்களைத் தருவதற்காக 2023இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு வெளியிட்ட எளிய வழிகாட்டியைப் படிக்கலாம். மின்கட்டண ரசீதும் டீசல் ரசீதும் கையில் இருந்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

இழையைத் தொடங்கியவர், செலவுக்கு மட்டும் உதவுகிற யோசனையைத் தனியே குறிக்கச் சொன்னார். நல்ல கேள்வி, ஏனெனில் விற்பனையாளர்கள் இரண்டையும் கலந்துதான் விற்கிறார்கள். எங்களைப் போல நடுத்தர மின்னழுத்தத்தில் மின்சாரம் பெறுகிறவர்களுக்கு யூனிட்டுக்கு மட்டுமன்றி உச்சத் தேவைக்கும் கட்டணம் உண்டு. அரைமணி நேரம் அரைமணி நேரமாக அளந்து, மாதத்தில் மிக அதிகமாக இழுத்த ஒரே ஓர் அரைமணி நேரத்தைக் கொண்டு அந்தக் கட்டணம் முடிவாகிறது. 2025 ஜூலை 1 முதல் வந்த புதிய கட்டண அமைப்பில் யூனிட் விலையின் பங்கு குறைந்து, இந்தப் பகுதியின் சுமை பெரிதும் கூடிவிட்டது. காலையில் எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிடும் பழக்கத்தை நிறுத்தி, சூடாக வேண்டிய இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் அட்டவணை போட்டோம். ரசீதில் நல்ல குறைவு தெரிந்தது. ஆனால் மொத்த யூனிட் அப்படியேதான் இருக்கிறது. சூழலுக்கு அதனால் பெரிய நன்மை இல்லை.

வார நாள்களில் பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரையுள்ள உச்ச நேரத்தைத் தவிர்த்து வேலையை மாற்றுவதும் அப்படித்தான். பணம் மிச்சமாகும். கரிமக் கணக்கிலோ, பகலில் வலையமைப்பில் கலக்கும் சூரிய மின்சாரம் இரவில் இல்லை, பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும்தான். ஆகவே நள்ளிரவுக்கு மாற்றிவிட்டு அதைப் பசுமை நடவடிக்கை என்று அறிக்கையில் எழுதுவது நேர்மையல்ல. இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனுள்ள வேலையாகிறது என்பதைக் காட்டும் மின்திறன் காரணி 0.85க்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு 0.01க்கும் 1.5 விழுக்காடு அபராதம். கெப்பாசிட்டர் பொருத்தினால் அது நீங்கும். அதுவும் பெரும்பாலும் பணக் கணக்குதான்.

மாறாக, அழுத்தக் காற்றுக் குழாயில் கசிவை அடைத்தது இரண்டுக்கும் உதவியது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை அமைதியாக இருக்கும்போது நடந்து போனால் சீறும் ஓசை காதிலேயே விழும். அட்டைப் பெட்டித் தொழிலில் வெட்டுமிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதும் அப்படியே. பெட்டியின் அளவைச் சற்று மாற்றினால் ஒரே தாளில் ஒரு பெட்டி கூடுதலாக வரும் என்று வாடிக்கையாளரிடம் வரைந்து காட்டினால், பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.


பழைய கிள்ளான் சாலை சமையல் சேவை (கோலாலம்பூர்) எழுதியது:

எல்லாரும் மின்சாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். செந்தூல் அண்ணன் நடத்துவது உணவகம் ஐயா! மின்சாரத்தைவிட அதிகம் வீணாவது சோறும் கறியும்தான். மலேசியாவில் நாள்தோறும் ஏறத்தாழ 17,000 டன் உணவுக்கழிவு சேர்வதாகவும், அதில் நான்கில் ஒரு பங்கு இன்னும் உண்ணத்தக்க நிலையில் எறியப்படுவதாகவும் திடக்கழிவு நிர்வாகக் கழகம் கூறி வருகிறது. அது குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமாக்குகிறது. கோலாலம்பூர்க் குப்பை தாமான் பெரிங்கின் குப்பை இடமாற்று நிலையம் வழியாகப் புக்கிட் தாகார் குப்பைமேட்டுக்குப் போகிறது. அவ்வளவு தூரம் லோரி ஓடும் டீசலும் அந்தக் கணக்கில் சேரும்.

ஒரு கிலோ கத்தரிக்காயை எறியும்போது அதன் விலை மட்டுமா போகிறது? வெட்டியவரின் கூலி, வதக்கிய எரிவாயு, எண்ணெய், மீண்டும் அதை அகற்றக் கொடுக்கும் காசு அத்தனையும் போகிறது. ஆகவே பந்தி முடிந்து இலை எடுக்கும் இடத்தில் ஒருவரை நிறுத்தி, எது மீந்து வருகிறது என்று ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வியப்பாக இருந்தது கறியோ சோறோ அல்ல. கேட்காமலே வைக்கும் இரண்டாவது பொரியலும் ஊறுகாயும்தான் தொடாமல் திரும்பி வந்தன. இப்போது முதல் சுற்றில் சிறிதளவு வைத்துவிட்டு, வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறுகிறோம். வாழையிலைச் சாப்பாட்டில் மறுபடியும் பரிமாறுவது வழக்கந்தானே. யாரும் குறையாக நினைக்கவில்லை. அப்பளத்தை மட்டும் குறைக்காதீர்கள், சண்டை வரும்.

திருமண விருந்துதான் கடினம். நம்மவர் திருமணத்தில் ஆயிரம் அழைப்பிதழ் கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கே தெரியாது. குறைந்துவிட்டால் அவமானம் என்ற அச்சத்தில் கூட்டியே சொல்வார்கள். சாதத்தையும் கூட்டையும் ஒரே முறையில் வடிக்காமல் மூன்று தவணையாகப் பிரித்து, மண்டபத்தில் முதல் பந்தி அமர்ந்தபின் கடைசித் தவணைக்கு அடுப்பு பற்ற வைக்கிறோம். இதற்கு மண்டபத்தின் அருகிலேயே சமைக்கும் வசதி வேண்டும் என்பது உண்மை. மீந்தால் கைபடாத அண்டாவை உடனே இல்லங்களுக்கு அனுப்ப முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம். நம் வெக்கையில் நான்கு மணி நேரம் வெளியில் கிடந்த சாம்பாரைத் தானமாகக் கொடுப்பது புண்ணியத்தில் சேராது.

பயன்படுத்திய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை வாங்கிப் பயோடீசல் செய்ய அனுப்பும் உரிமம் பெற்ற முகவர்கள் கிலோவுக்கு விலை கொடுத்தே எடுத்துப் போகிறார்கள். ஆனால் எடை போடும்போது உடனிருங்கள், ரசீது வாங்குங்கள். மலிவாகக் கேட்டு வரும் முகம் தெரியாதவரிடம் கொடுத்தால், அது மறுபடியும் சமையல் எண்ணெயாக யார் கடைக்குப் போகும் என்று சொல்வதற்கில்லை.


மளிகை மொத்த வணிகம் எழுதியது:

சமையல் சேவை அம்மா சொன்னதில் எனக்கும் பாடம் இருக்கிறது. அடியில் கிடந்து வண்டு விழுந்த பயற்று மூட்டைகளை இதுவரை வியாபாரத்தின் இயல்பான நட்டம் என்றே எழுதி வந்தோம். முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும் என்று அடுக்கும் முறையை மாற்றினால் போதும் போலிருக்கிறது. இருந்தாலும் இதைச் சுற்றுச்சூழல் என்று அழைக்க வேண்டுமா? என் தாத்தா இதைச் சிக்கனம் என்றுதான் சொல்லியிருப்பார்.


பிரிக்பீல்ட்ஸ் கணக்காளர் (கோலாலம்பூர்) எழுதியது:

பெயர் எதுவானாலும் கணக்கேட்டில் ஒரே இடத்தில்தான் வரும், ஐயா. எனக்கு மேலே யாரும் தொடாத ஒன்றைப் பற்றிக் கவலை இருக்கிறது. செந்தூல் நண்பர் வாடகைக் கடையில் இருக்கிறார். இங்கே வழக்கமான ஒப்பந்தம் இரண்டாண்டு, பிறகு விருப்பப்பட்டால் மேலும் ஓராண்டு. ஆகவே மூன்றாண்டில் முதலீட்டைத் திருப்பித் தரும் மாற்றம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அவருக்கு நட்டமாகவே முடியலாம். பலனை அடுத்த குத்தகைக்காரரோ வீட்டுக்காரரோ அனுபவிப்பார். வாடகைக் கடைகளில் பசுமை முயற்சிகள் நின்றுபோவதற்கு அறியாமையைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

எனவே கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவற்றில் உங்கள் பணத்தைப் போடுங்கள்: விளக்கு, விசிறி, குளிர்பெட்டி. கூரை வெப்பத்தடுப்பு, முற்றம், மின்கம்பி மாற்றம் போன்றவற்றை ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சின்போது வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாடகை உயர்வுக்கு ஒப்புக்கொள்வதற்கு ஈடாகக் கேட்பதற்கு அதுவே தக்க நேரம். துணிக்கடை நண்பர் முற்றத்தைத் திறந்தபோது அதை எழுத்தில் வாங்கியிருப்பார் என்று நம்புகிறேன்.

வரியில் ஒரு சலுகை: ஒவ்வொன்றும் 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சிறு மதிப்புச் சொத்துகளை வாங்கிய ஆண்டிலேயே முழுமையாகக் கழிக்கலாம், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இதில் மொத்த உச்சவரம்பு கிடையாது. ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்.


லெபு பாசார் துணிக்கடை எழுதியது:

எழுத்தில் வாங்கியிருக்கிறோம். கடையைக் காலி செய்யும்போது மறுபடியும் மூடித் தர வேண்டியதில்லை என்ற வரியும் அதில் உண்டு.


செந்தூல் உணவகம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கண்ணாடிப் பெட்டிகள் நான்கு இருக்கின்றன. அவற்றில் இரண்டில் பாதிக்கு மேல் எங்கள் தயிரும் காய்கறியும்தான் இருக்கின்றன. இரண்டைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பொறியாளரிடம் இன்னும் இரண்டு கேள்விகள். சாப்பாட்டுக் கூடத்தில் குளிர்சாதனத்தை 18இல் வைத்தாலும் மதிய வேளையில் குளிர்வதில்லை. பெரிய இயந்திரம் வாங்க வேண்டுமா? மேலும், வீட்டுக்காரர் கூரையில் சூரியத் தகடு வைக்கச் சம்மதித்தால் என் பத்தாயிரத்தை அதில் போடலாமா?


பிறை பொறியாளர் எழுதியது:

முதல் கேள்விக்கு: உங்கள் சமையலறைப் புகைபோக்கி விசிறி எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்று பாருங்கள். பின்சந்துப் பக்கச் சன்னல் மூடியிருந்தால், அது சாப்பாட்டுக் கூடத்துக் குளிர்க்காற்றைத்தான் இழுத்து வெளியே தள்ளும். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள கதவில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால், அது சமையலறைப் பக்கம் பறக்கிறதா என்று தெரிந்துவிடும். பறந்தால், பின்பக்கம் காற்று வர வழி செய்யுங்கள். இடையில் தானாக மூடும் கதவு போடுங்கள். எவ்வளவு பெரிய இயந்திரம் வாங்கினாலும் அந்த விசிறியோடு போட்டியிட முடியாது. வெப்பநிலையை 18இல் வைப்பதால் வேகமாகக் குளிராது, நீண்ட நேரம் ஓடும், அவ்வளவுதான். மேலே விசிறி சுழன்றால் 25 டிகிரியிலும் வாடிக்கையாளர் சிரமமின்றிச் சாப்பிடுவார்.

இரண்டாவதற்கு: உபரிச் சூரிய மின்சாரத்தை வலையமைப்புக்குக் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. அதன் இடத்தில் 2026 ஜனவரி முதல் சோலார் அதாப் என்ற புதிய கூரைச் சூரியத் திட்டம் வந்திருக்கிறது. பழைய திட்டத்தைச் சொல்லி விலை கூறும் முகவர் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். இனிமேல் உபரியை விற்றுச் சம்பாதிப்பதைவிட, பகலில் தாங்களே பயன்படுத்தும் அளவுக்குத் தகடு வைப்பதுதான் இலாபம். உறைபெட்டியும் மதியச் சாப்பாடும் உள்ள உணவகத்துக்குப் பகல் பயன்பாடு நிறைய இருப்பதால் பொருத்தம் உண்டு. ஆனால் கணக்காளர் எழுதிய ஒப்பந்தக் காலத்தை மறக்க வேண்டாம். வீட்டுக்காரரே தகடு வைத்து, மின்விநியோக நிறுவனமான தெனாகாவின் விலையைவிடச் சற்று மலிவாக உங்களுக்குக் கொடுப்பாரென்றால் அதற்கு உரிமம், மீட்டர் ஆகியவை பற்றி எரிசக்தி ஆணையத்திடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன் பெட்டிகள் போன பிறகு வரும் இரண்டு மாத ரசீதுகளை இங்கே பதிவிடுங்கள். ரிங்கிட்டை அல்ல, யூனிட்டை எழுதுங்கள். எரிபொருள் விலைக்கேற்ப ரசீதில் கூட்டியோ கழித்தோ போடும் சரிக்கட்டல் மாதந்தோறும் மாறுவதால் தொகையை மட்டும் பார்த்தால் குறைந்ததா இல்லையா என்று தெரியாது.